தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்போருக்கு வாசிப்புப் பகுதிகளைச் செயற்கை நுண்ணறிவால் எளிமையாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது அவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ்க் கற்றல் சட்டம், 2006-07 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியபோது, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கு எந்தப் பகுதியை எப்படிப் படிக்கக் கொடுப்பது என்ற கேள்வி எல்லையோரப் பள்ளிகளில் அன்றாடக் கேள்வியாயிற்று. இப்பகுதி ஆசிரியர்களும், மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களும், பெற்றோரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

எளிமையாக்குவதும் சுருக்குவதும் ஒன்றா?

இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பாடத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காணப்படும் நடுகற்களுள் பல, ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக எடுக்கப்பட்டவை." இதை எளிமையாக்கச் சொன்னால், செயலி பெரும்பாலும் இப்படித் தரும்: "தருமபுரியில் பல நடுகற்கள் உள்ளன. அவை இறந்த வீரர்களின் நினைவாக வைக்கப்பட்டன." வாக்கியம் சிறிதாகிவிட்டது, ஆனால் கிருஷ்ணகிரி காணாமல் போயிற்று, மாடுகள் காணாமல் போயின, வீரர் ஏன் இறந்தார் என்பதும் போயிற்று. படிக்கும் பிள்ளைக்கு மிஞ்சியது ஒரு கல் மட்டுமே.

எளிமையாக்கிய வடிவம் இப்படி இருக்கலாம்: "தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் நிறைய இருக்கின்றன. முற்காலத்தில் பகைவர்கள் வந்து ஊர் மாடுகளை ஓட்டிச் செல்வார்கள். ஊர் வீரர்கள் மாடுகளை மீட்கப் போவார்கள். அங்கே சண்டை நடக்கும். சண்டையில் சில வீரர்கள் இறந்தார்கள். அவர்களை மறக்காமல் இருக்க ஊரார் கல் நட்டார்கள். அந்தக் கல்லுக்கு நடுகல் என்று பெயர்." இது மூலத்தைவிட நீளமானது. 'ஆநிரை', 'பூசல்', 'உயிர்நீத்த' ஆகியவை விலகின, ஆனால் அவை சொன்ன செய்தி ஒன்றும் விலகவில்லை. 'நடுகல்' என்ற சொல்லை நீக்காமல் விளக்கினோம், ஏனெனில் பாடம் அதைப் பற்றியதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்கள் காட்சிக்கு இருக்கின்றன. அங்கே அழைத்துச் செல்லப்படும் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

மொழி கற்பித்தல் ஆய்விலும் இந்த வேறுபாடு பேசப்பட்டிருக்கிறது. ஆங்கிலம் படித்த ஜப்பானிய மாணவர்களிடம் யானோ, லாங், ராஸ் ஆகிய மூவர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை வெட்டி எளிமையாக்கிய பகுதியைப் படித்தவர்களுக்கும், சொற்களை விடாமல் விளக்கி விரித்த பகுதியைப் படித்தவர்களுக்கும் புரிதலில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு காணப்படவில்லை. விரித்து எழுதினால் புரிதல் குறையாது, அதோடு மூலத்தின் சொற்களும் பிள்ளையின் கைக்கு வந்து சேரும். ஆகவே நான் விரித்தெழுதுவதன் பக்கமே நிற்கிறேன்.

இவ்வாறு எளிமையாக்குவது புதிய முயற்சியா?

கருவி புதியது, வேலை பழையது. 1920களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைக் கண்டு, புதிய சொற்களை அளவாகவும் இடைவெளி விட்டும் சேர்க்கும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட அவரது பொதுச் சொற்பட்டியல் 1953இல் வெளிவந்தது. 1930இல் ஆக்டன் 850 சொற்களால் ஆன 'அடிப்படை ஆங்கிலம்' என்ற திட்டத்தை முன்வைத்தார். அமெரிக்கக் குரல் வானொலி 1959 முதல் சுமார் 1500 சொற்களில், மெதுவாகப் படிக்கப்படும் செய்திகளை ஒலிபரப்பியது. இவை அனைத்திலும் மனிதர்கள் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டார்கள். இன்று செயலி சில நொடிகளில் வரைவைத் தந்துவிடுகிறது, ஆனால் எடைபோடும் வேலை அப்படியே ஆசிரியரிடம் இருக்கிறது.

செயலி பகுதியைப் புரிந்துகொண்டுதான் மாற்றுகிறதா?

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை பெரிய மொழி மாதிரிகள். ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, ஒரு சொல்துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு வரும் வாய்ப்பு மிகுதி என்று கணித்து எழுதுபவை. அவை படித்தவற்றில் ஆங்கிலமே மிகுதி, தமிழின் பங்கு மிகச் சிறியது. அதன் விளைவுகள் எழுதித் தரும் தமிழில் தெரியும். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் 'ஒரு' வரும், ஒவ்வொரு வாக்கியமும் 'ஆகும்' என்று முடியும், தேவையில்லாத இடத்தில் செயப்பாட்டு வினை வரும். 'ஆசிரியர் பாடம் நடத்தினார்' என்பது 'ஆசிரியரால் பாடம் நடத்தப்பட்டது' என்று மாறிவிடும். இரண்டாம் மொழியாகத் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு முதல் வாக்கியம் எளிது, இரண்டாவது கடினம். எளிமையாக்கச் சொன்ன கருவியே கடினமாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டிலும், ர, ற வேறுபாட்டிலும், வல்லினம் மிகும் இடங்களிலும் பிழைகள் வரலாம். எழுத்தைப் பார்த்தே மொழியைக் கற்கும் பிள்ளை, அச்சில் உள்ள பிழையைச் சரி என்றே மனத்தில் பதித்துக்கொள்ளும்.

வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கு எது எளிய சொல்?

எல்லையோர ஆசிரியர் செயலியைவிட நன்றாக அறிந்த இடம் இது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். செயலிக்கு 'எளிய சொல்' என்பது தமிழ்நாட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு எளிய சொல். தளியில் கன்னடம் பேசி வளர்ந்த பிள்ளைக்கும், பாகலூரில் தெலுங்கு பேசி வளர்ந்த பிள்ளைக்கும் கணக்கு வேறு. 'வேளாண்மை', 'மகிழ்ச்சி', 'வானம்', 'கடல்' என்பவற்றைவிட 'விவசாயம்', 'சந்தோஷம்', 'ஆகாயம்', 'சமுத்திரம்' ஆகியவை அவர்கள் வீட்டில் கேட்கும் வ்யவசாயம், சந்தோஷம், ஆகாசம், சமுத்திரம் என்பவற்றுக்கு அருகில் நிற்கின்றன. ஆகவே முதல் வடிவத்தில் 'ஆகாயம்' என்று எழுதி, இரண்டாம் வடிவத்தில் 'வானம்' என்பதை அதன் அருகே வைத்து, மூன்றாம் வடிவத்தில் 'வானம்' மட்டும் எழுதலாம். வடசொல்லைத் தவிர்த்து எழுத வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் பிள்ளை அறிந்த சொல்லிலிருந்து அறியாத சொல்லுக்கு நடத்திச் செல்வதுதான் கற்பித்தல் என்பதால், தொடக்கத்தில் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன்.

ஒலி ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறாகும் சொற்களிடம் எச்சரிக்கை வேண்டும். 'ஆண்டு' என்பதைச் செயலி 'வருஷம்' என்று மாற்றினால், தெலுங்குப் பிள்ளைக்கு மழையைக் குறிக்கும் 'வர்ஷம்' நினைவுக்கு வரக்கூடும். கன்னடப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர்களுக்கும் அது ஆண்டுதான். பால், பூ, புலி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹூவு, ஹுலி என நிற்பதால், இந்த ஒலி மாற்றத்தை ஒருமுறை காட்டிவிட்டால் பல தமிழ்ச் சொற்களைப் பிள்ளைகள் தாங்களாகவே அடையாளம் கண்டுகொள்வார்கள். இத்தகைய சொற்களை எளிமை என்ற பெயரில் நீக்கவே வேண்டாம்.

சொல் மட்டுமல்ல, வாக்கியமும் அப்படித்தான். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் வினை கடைசியில் வருகிறது. எச்சங்களை அடுக்கிச் செல்லும் வழக்கமும் மூன்றுக்கும் பொது. ஆகவே 'வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான்' என்பதை மூன்று வாக்கியங்களாக உடைப்பதால் இப்பிள்ளைகளுக்குப் பயன் குறைவு. அவர்கள் தடுமாறும் இடம் வேறு. தெலுங்கில் 'அவள் வந்தாள்', 'அது வந்தது' இரண்டுக்கும் வினைமுற்று ஒன்றே. ஆகவே 'வந்தாள்' என்று மட்டும் எழுதி எழுவாயை விட்டுவிடாமல், 'அக்கா வந்தாள்' என்று எழுவாயோடு எழுதிக் கொடுக்க வேண்டும். தெலுங்கு, கன்னட எழுத்துகளை முன்பே கற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. அங்கே ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து இருக்க, இங்கே 'பாடம்', 'பயம்' இரண்டின் முதலொலியும் வேறாக இருந்தும் எழுத்து ஒன்றே. இதைச் செயலியால் தீர்க்க இயலாது. ஆசிரியர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

உருது, இந்தி, ஒடியா பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே வழியா?

கொள்கை ஒன்றுதான், சொற்பட்டியல் வேறு. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் வளர்ந்த உருதுப் பிள்ளைகள் தெருவிலும் கடையிலும் தமிழ் கேட்டே வளர்வதால், அவர்களுக்குப் பேச்சு தெரியும், எழுத்துதான் புதிது. அண்மையில் வந்த ஒடியா, இந்திக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுமே புதிது. முதல் வகையினருக்கு நீளமான எளிய பகுதியையும், இரண்டாம் வகையினருக்குப் படத்தோடு கூடிய ஐந்தாறு வாக்கியங்களையும் கொடுக்கலாம்.

பேச்சுத் தமிழில் எழுதித் தந்தால் இன்னும் எளிதாக இருக்காதா?

கதைமாந்தர் பேசும் இடங்களில் பேச்சுத் தமிழ் இருக்கட்டும், மற்றவை எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து. தேர்வுத்தாளும், பேருந்துப் பலகையும், மருந்துச் சீட்டின் குறிப்பும், செய்தித்தாளும் எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன. பிள்ளை பள்ளிக்கு வருவது அதைக் கற்கத்தான். 'போயிட்டு வந்தாங்க' என்று எழுதிப் பழக்கினால், பிறகு 'போய்விட்டு வந்தார்கள்' என்பதை மீண்டும் ஒரு புதுப் பாடமாகக் கற்பிக்க நேரும். எழுத்துத் தமிழிலும் எளிய நிலை உண்டு. 'சென்றனர்' என்பதற்குப் பதில் 'போனார்கள்' என்று எழுதினால் போதும். செயலிகள் பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் ஒரே பத்தியில் கலந்துவிடுகின்றன என்பதால், செயலிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையிலேயே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பகுதி எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்? 'மூன்றாம் வகுப்பு நிலை' என்று செயலி சொல்வதை நம்பலாமா?

அதை நம்ப வேண்டாம். வாசிப்பு நிலையை அளக்கும் புகழ்பெற்ற வாய்பாடுகள் ஆங்கிலத்துக்காக எழுந்தவை. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்டது வாக்கிய நீளத்தையும் சொல்லில் உள்ள அசைகளையும் எண்ணுகிறது. தமிழிலோ 'வரவேண்டியிருந்திருக்கலாம்' என்பது இடைவெளி இல்லாத ஒரே சொல். ஆங்கிலத்தில் பல சொற்களாக நிற்பது இங்கே ஒரு சொல்லின் வால்களாக ஒட்டி நிற்கிறது. அதை எண்ணி நிலை சொல்வது பொருந்தாது. 2001இல் வெளியான ஐரோப்பிய மொழித்திறன் வரையறையின் ஏ1, ஏ2 முதலிய படிகளைச் செயலியிடம் சொன்னாலும், அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்பட்டியலை அது கையில் வைத்துக்கொண்டு எழுதுவதில்லை.

அளவுகோலாக நான் கொள்வது பிள்ளையின் பென்சில். ஒருவர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, பகுதியில் உள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று ஹு, நேஷன் இருவரும் 2000இல் காட்டினார்கள். 95 விழுக்காடு என்ற அளவை அதற்கு முன் 1989இல் லாஃபர் முன்வைத்திருந்தார். இவை ஆங்கில ஆய்வுகள் என்றாலும் தோராயமாக நமக்கும் உதவும். நூறு சொற்கள் கொண்ட பகுதியைக் கொடுத்துத் தெரியாத சொற்களின் கீழ் கோடிடச் சொல்லுங்கள். இரண்டு கோடுகள் இருந்தால் பிள்ளை வீட்டில் தனியாகப் படிக்கலாம். ஐந்து இருந்தால் வகுப்பில் ஆசிரியர் துணையோடு படிக்கலாம். பத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பகுதியை அப்படியே கொடுக்க வேண்டாம். கோடிட்ட சொற்களின் பட்டியலையே செயலிக்கு அடுத்த கட்டளையாகக் கொடுக்கலாம். செயலியின் ஊகத்தைவிட அந்தப் பட்டியல் நம்பத்தக்கது.

கட்டளையை எப்படி எழுதுவது?

'எளிமையாக்கு' என்ற ஒற்றைச் சொல் போதாது. படிப்பவர் யார், எது மாறலாம், எது மாறக்கூடாது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாதிரியைத் தருகிறேன்:

"கீழே உள்ள பத்தியை, வீட்டில் தெலுங்கு பேசும், தமிழ் எழுத்துகளை ஓராண்டாகப் படித்துவரும் 9 வயதுப் பிள்ளைக்காக மாற்றி எழுதவும். எழுத்துத் தமிழில், சிறு வாக்கியங்களில் எழுதவும். செயப்பாட்டு வினையைத் தவிர்க்கவும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைச் சொல்லவும். ஆட்பெயர், ஊர்ப்பெயர், எண், ஆண்டு எதையும் விடவோ மாற்றவோ கூடாது. 'நடுகல்', 'வீரர்', 'மீட்டல்' ஆகிய சொற்களை வைத்துக்கொண்டு, அடுத்த வாக்கியத்தில் விளக்கவும். மூலத்தில் இல்லாத செய்தி எதையும் சேர்க்க வேண்டாம். பகுதி நீளமானாலும் பரவாயில்லை."

இறுதி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையேல் செயலி தானாகவே சுருக்கத் தொடங்கிவிடும். நீங்களே எளிமையாக்கிய ஒரு பத்தியை மூலத்தோடு சேர்த்து முன்மாதிரியாகக் கொடுத்தால், அடுத்து வருபவை அந்த நடையிலேயே அமைவதைக் காணலாம். ஒரே மூச்சில் பாடம் முழுவதையும் கொடுக்காமல், பத்தி பத்தியாகக் கொடுப்பது நல்லது.

வந்ததைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் செலவிட வேண்டும்?

எழுதி வாங்குவதைவிடக் கூடுதலான நேரம். இதில் எவ்விதச் சலுகையும் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். மூலத்தையும் எளிய வடிவத்தையும் அருகருகே வைத்து, யார் யாருக்குச் செய்தார் என்பது மாறியுள்ளதா, காரணம் விடுபட்டதா, எதிர்மறை கவிழ்ந்ததா, நிபந்தனை தளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சொற்பிழை கண்ணில் பட்டுவிடும், இவை படுவதில்லை. ஏனெனில் செயலியின் வாக்கியம் எப்போதும் சரளமாகவே இருக்கும்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு மாலையில் தமிழ் சொல்லித் தருபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஓர் இயந்திரத்தின் மேல் உள்ள அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்: "இயந்திரம் முற்றிலும் நின்ற பின்னரன்றிக் காப்புக் கதவைத் திறக்கக் கூடாது." இது "இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கலாம்" என்று மாறிவந்தால், படிக்க எளிதுதான். ஆனால் 'திறக்கக் கூடாது' என்பது 'திறக்கலாம்' ஆகிவிட்டது, 'முற்றிலும்' மறைந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் பாகத்தில் ஒருவர் கைவிட இந்த எளிமை போதும். சரியான வடிவம் இது: "முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். உள்ளே சுற்றும் பாகங்கள் முழுவதும் நிற்கும் வரை காத்திருங்கள். அதற்கு முன் கதவைத் திறக்கக் கூடாது." பாதுகாப்பு, மருந்து, பணம், சட்டம் பற்றிய பகுதிகளை எளிமையாக்கினால், துறை அறிந்த ஒருவர் பார்க்காமல் கொடுக்கவே கூடாது, மூல அறிவிப்பையும் அருகிலேயே வைத்திருக்க வேண்டும்.

ஒரு நல்ல சோதனை உண்டு. எளிய வடிவத்தைப் பார்க்கும் முன்பே, மூலத்தைப் படித்து ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எளிய வடிவத்தை மட்டும் வைத்து அவற்றுக்கு விடை கிடைக்கிறதா என்று பாருங்கள். விடை கிடைக்காத கேள்வி எதுவோ, அங்கேதான் பொருள் கசிந்திருக்கிறது.

செய்யுளையும் எளிமையாக்கலாமா?

உரைநடையைப் போல மாற்றக் கூடாது. தகடூர் என்ற தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி தந்ததைப் பாடும் புறநானூற்றின் 91ஆம் பாடலைச் செயலியிடம் கொடுத்தால், 'மன்னர் புலவருக்கு நெல்லிக்கனி கொடுத்தார், புலவர் நன்றி சொன்னார்' என்ற அளவில் ஏதேனும் வரக்கூடும். பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் கிடைத்த கனி என்பதையும், அதை அடைந்த அருமையை அவன் எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும், அதன் பயனைத் தன் உள்ளத்திலேயே அடக்கிக்கொண்டு ஔவையின் சாவு நீங்கும்படி கொடுத்தான் என்பதையும் பாடல் சொல்கிறது. சொல்லாமல் கொடுத்தான் என்பதே அந்தப் பாட்டின் உயிர்.

ஆகவே செய்யுளை அப்படியே அச்சிட்டு, புணர்ச்சியைப் பிரித்து, அரிய சொற்களுக்கு ஓரத்தில் பொருள் எழுதி, கீழே எளிய உரைநடையில் அந்நிகழ்ச்சியைச் சொல்லலாம். பதம் பிரிக்கச் செயலியைக் கேட்கலாம், ஆனால் சங்கப் பாடல்களில் அது தவறாகப் பிரிப்பதும், இல்லாத பொருளை உறுதியோடு சொல்வதும் உண்டு. நல்ல உரைநூலை வைத்து ஒவ்வொரு சொல்லையும் சரிபாருங்கள். பிள்ளைக்கு முதலில் வேண்டியது, ஆசிரியர் வாயால் அந்தப் பாட்டைக் கேட்பது.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடத்தை எளிமையாக்கவும் இதே முறை உதவுமா?

உதவும். பென்னாகரத்திலும் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வீட்டில் ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய துணை. ஆங்கிலத்தில் செயலியின் நடை தமிழைவிடத் தேர்ந்தது என்பதால் பிழைகள் குறைவாக இருக்கும். ஆனால் அங்கேயும் 'எளிய சொல்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் 'டாலரேட்' என்ற சொல்லை நீக்கிவிட்டு, செயலி 'புட் அப் வித்' என்று எழுதும். ஆங்கிலேயக் குழந்தைக்கு இரண்டாவது எளிது. நம் பிள்ளைக்கோ மூன்று சிறு சொற்களும் தனித்தனியே தெரிந்திருந்தும் சேர்ந்தபின் பொருள் தெரியாது. அகராதியில் தேடவும் முதல் சொல்லே எளிது. அதேபோல 'ஆபரேஷன்', 'ரிசல்ட்', 'டெலிவரி' போன்றவை தமிழ்ப் பேச்சிலேயே புழங்குவதால், நீளமான சொற்கள் என்று அவற்றை நீக்கத் தேவையில்லை. வாக்கிய அமைப்பில் தெலுங்குப் பிள்ளைக்குத் தமிழ் தரும் வசதி, தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இல்லை. வினை நடுவில் வருவதாலும், விளக்கம் பெயருக்குப் பின்னே நீள்வதாலும், இங்கே நீண்ட வாக்கியங்களை உடைப்பது உண்மையாகவே பயன் தரும்.

எளிய வடிவத்துக்கே பழகி, பிள்ளைகள் மூலத்தைத் தொடாமல் போய்விட மாட்டார்களா?

இந்த அச்சம் நியாயமானது. எளிய வடிவத்தைக் கொடுத்து அத்தோடு விட்டால் அப்படித்தான் ஆகும். எளிய வடிவம் மூலத்துக்கு ஏறிச் செல்லும் ஏணி. ஆகவே அதில் படிகள் வேண்டும், உச்சியில் மூலம் இருக்க வேண்டும். ஒரே பகுதிக்கு இரண்டோ மூன்றோ வடிவங்கள் செய்து, முதல் வாரம் எளியதையும், அடுத்த வாரம் சில புதுச் சொற்கள் சேர்ந்ததையும், இறுதியில் மூலத்தையும் படிக்க வைக்கலாம். கதை முன்பே தெரிந்துவிட்டதால், மூலத்தைப் படிக்கும்போது பிள்ளையின் கவனம் முழுவதும் மொழியின் மேல் இருக்கும். 'உயிர்நீத்த' என்ற சொல்லைக் கண்டதும், 'இறந்தார்கள் என்று படித்தோமே, அதுதான் இது' என்று பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும். எந்தப் பகுதிக்கு மூலம் வரை அழைத்துச் செல்ல நேரம் இல்லையோ, அந்தப் பகுதியின் ஒரு பத்தியையாவது மூல வடிவில் படிக்க வையுங்கள்.

வகுப்பில் எளிய வடிவம் பெறும் பிள்ளைகளைத் தனியே உட்கார வைக்காதீர்கள். எல்லாத் தாள்களுக்கும் ஒரே தலைப்பும் ஒரே படமும் இருந்தால், பகுதியைப் பற்றிப் பேசும்போது வகுப்பு முழுவதும் சேர்ந்து பேசலாம்.

பிள்ளைகளே கைப்பேசியில் இதைச் செய்துகொள்ளலாமா?

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம். வந்த வடிவம் சரியா தவறா என்று அறிய, மூலத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததால்தான் எளிய வடிவம் தேவைப்படுகிறது. மேல்நிலை வகுப்பு மாணவர்கள், ஆசிரியர் அறிந்திருக்க, கடினமான ஒரு வாக்கியத்தை விளக்கக் கேட்டுப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் குழந்தைகளாகவே கொண்டு, அவர்கள் தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆசிரியரும் கட்டளையில் பிள்ளையின் பெயர், பள்ளி, மதிப்பெண், குடும்பச் சூழல் எதையும் எழுதக் கூடாது. '9 வயது, வீட்டு மொழி தெலுங்கு' என்பதே போதுமானது.

எங்கள் மலையூரில் இணையம் விட்டு விட்டுத்தான் வருகிறது. என்ன செய்வது?

இந்த வேலைக்கு வகுப்பறையில் இணையம் தேவையே இல்லை. நகரத்துக்கு வரும் நாளில் ஒரு மாதத்துக்கான பகுதிகளைத் தயாரித்து, சரிபார்த்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு பக்கத்தில் எளிய வடிவமும் மறுபக்கத்தில் மூலமும் இருக்கும்படி அச்சிடுங்கள். ஒருமுறை சரிபார்த்த பகுதியைப் பக்கத்து ஊர் ஆசிரியரோடு பகிர்ந்துகொண்டால் அவருடைய நேரமும் மிஞ்சும்.

பிறர் எழுதியதை இவ்வாறு மாற்றி அச்சிடக் காப்புரிமை இடம் தருமா?

1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. மாற்றி எழுதியதை நூலாக அச்சிட்டு விற்பதும், இணையத்தில் எல்லாருக்கும் வெளியிடுவதும் வேறு. அதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். தமிழில் நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 1949இல் நாட்டுடைமையாக்கப்பட்ட பாரதியின் படைப்புகள் தொடங்கி, தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் ஏராளமாக உள்ளன. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும் பொதுவுடைமையே. பகிர்ந்துகொள்ளும் நோக்கத்தோடு தொகுப்பு உருவாக்குபவர்கள் இவற்றிலிருந்து தொடங்கலாம். தாளின் மேல் மூல ஆசிரியரின் பெயரையும், 'எளிமையாக்கப்பட்ட வடிவம்' என்ற குறிப்பையும் அச்சிட்டுவிடுங்கள்.